வான்வழியும் வர்க்க நலனும்: வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தனியார்மயமாக்கல் பற்றிய விவாதம் – வன்னியிலிருந்து ஒரு நோக்கு

பழந்தமிழ் இலக்கியத்திலே வானூர்தி பற்றிய கற்பனைக்குப் பஞ்சமில்லை. செலுத்துவோன் இன்றியே இயங்கும் ஊர்தியொன்றைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி, கருவுற்றிருந்த விசயையைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்குகின்றது. கம்பனது காவியத்திலே புட்பக விமானம் பெருந்தொகையினரை ஏற்றிச் செல்கின்றது. இக்கற்பனைகள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. அவற்றில் ஊர்தி உண்டு, வழி இல்லை. ஒரே பொறி பறக்கும் வானத்திலே எவரும் எவருக்கும் வழிவிட வேண்டியதில்லை. வழியை ஒழுங்குசெய்வோரும் வேண்டப்படுவதில்லை. வானம் வழியாவது, பலருடைய உழைப்பும் பலருடைய பயணமும் அங்கே ஒன்றையொன்று சந்திக்கத் தொடங்கும்போதுதான். எனவே வான்வழி என்பது இயற்கைப் பொருளன்று. அது ஒரு சமூக உறவு.

அவ்வுறவை யார் உடைமையாகக் கொள்வது என்ற வினாவே, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டைத் தனியார்மயமாக்கல் பற்றிய விவாதமாகக் கடந்த நான்கு தசாப்தங்களாகப் பல நாடுகளில் நிகழ்ந்து வருகின்றது. அவ்விவாதத்தின் வரலாற்றையும் அதன் வர்க்க அடிப்படையையும் சுருக்கமாக விளக்கி, இலங்கையின் நிலைமையையும், சிறப்பாக வன்னிப் பெருநிலப்பரப்பின் அனுபவத்தையும் அதனோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கட்டுப்பாடு என்னும் உழைப்பு

விமான நிலையக் கோபுரத்திலிருந்து ஓடுபாதையைக் கவனிப்போர், நிலையத்தை அணுகும் விமானங்களை வரிசைப்படுத்துவோர், நெடுவழிகளிற் செல்லும் விமானங்களைக் கண்காணிப்போர் என இப்பணி பொதுவாக மூன்று படிநிலைகளில் நடைபெறுகின்றது. இவர்கள் உற்பத்தி செய்யும் பொருள் கண்ணுக்குத் தெரிவதன்று. ஒரு விமானத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே செங்குத்தாக 1000 அடியோ, கிடையாகக் குறிப்பிட்ட சில கடல்மைல்களோ குறையாதிருக்கச் செய்யும் இடைவெளியே அவர்களது உற்பத்தி. விபத்து நிகழாமையே அவ்வுழைப்பின் பயன். நிகழாத ஒன்றுக்கு விலை மதிப்பது சந்தைக்கு எளிதன்று என்பது ஆரம்பத்திலேயே மனங்கொள்ளத்தக்கது.

மூலதனம் நூலின் இரண்டாம் தொகுதியிலே கார்ல் மார்க்ஸ் போக்குவரத்துத் தொழிலை விசேடமாக எடுத்து நோக்குகின்றார். அத்தொழில் விற்பது தனியான பண்டமொன்றையன்று, இடப்பெயர்ச்சியையே என்பது அவரது விளக்கம். வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு அவ்விடப்பெயர்ச்சிக்கு இன்றியமையாத பொது நிபந்தனையாகும். ஒரே வான்பரப்பில் இரு நிறுவனங்கள் போட்டியிட்டுக் கட்டளை பிறப்பித்தல் இயலாது. ஆகவே எவ்வடிவில் அமைந்தாலும் அது ஏகபோகமாகவே இருக்கும். தனியார்மயமாக்கலை ஆதரிப்போர் வழமையாக முன்வைக்கும் போட்டியின் நன்மை என்னும் வாதம் இத்துறைக்கு அடிப்படையிலேயே பொருந்தாது. ஏகபோகம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று வினா. அது யாருடைய ஏகபோகம் என்பதே வினா.

வன்னி வாசகருக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் துருசு திறக்கப்படும்போது எந்த வாய்க்காலுக்கு எப்போது எவ்வளவு நீர் செல்லும் என்பதைச் சந்தை தீர்மானிப்பதில்லை. சிறுபோகத்தில் நீரின் அளவு நோக்கிப் பயிரிடும் பரப்பைக் குறைத்துப் பங்கிடும் முடிவு, விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்திலே எடுக்கப்படுகின்றது. அக்கூட்டங்களிலும் வலியோர் குரல் ஓங்கி ஒலிப்பதுண்டு. எனினும் கடைவாய்க்காலில் உள்ளவன் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை அங்கு உண்டு. வன்னி வழக்கிலே வான் என்ற சொல் ஆகாயத்தை மட்டும் குறிப்பதன்று. குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் இடத்தையும் குறிக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியபோது, இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற வினாவை மக்கள் எழுப்பினர். விசாரணைக் குழுவும் நியமிக்கப்பட்டது. கட்டுப்பாடு என்பது வெறும் தொழில்நுட்பமன்று, பொறுப்புக்கூறலும் அதனுள் அடங்கும் என்பதை அம்மக்கள் நூல்களிலிருந்து கற்கவில்லை.

2. விவாதத்தின் வரலாறு

1944 இல் சிக்காகோவில் உருவான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சாசனம், ஒவ்வோர் அரசுக்கும் தன் ஆட்புலத்தின் மேலுள்ள வான்பரப்பில் முழுமையான, தனியான இறைமை உண்டென ஏற்றுக்கொண்டது. வான்வழி வழிகாட்டல் வசதிகளை வழங்கும் பொறுப்பையும் அரசுகளிடமே ஒப்படைத்தது. உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் பெரும்பாலான நாடுகளில் அரச திணைக்களங்களே இப்பணியை ஆற்றின. விமானத் தொழில் இலாபம் ஈட்டத் தொடங்கியிராத அக்காலத்திலே, அதற்கு வேண்டிய ராடர்களையும் கோபுரங்களையும் பொதுப்பணத்தில் அமைத்துக் கொடுப்பது மூலதனத்துக்கு வசதியாகவே இருந்தது. உற்பத்தியின் பொது நிபந்தனைகள் இலாபம் தராதவரை மூலதனம் அவற்றை அரசின் தோளில் ஏற்றும். இலாபம் தரும் நிலை எய்தியதும் தானே கைக்கொள்ள முனையும் என்ற கருத்தை மார்க்ஸ் தமது 1857-58 ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் வீதிகளை உதாரணமாகக் கொண்டு ஆராய்ந்துள்ளார். வான்வழியின் வரலாறு அக்கருத்துக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

முதலில் உடைக்கப்பட்டது உடைமையன்று, தொழிற்சங்கம் என்பது கவனத்திற்குரியது. 1981 ஆகஸ்ட் 3 இல் ஐக்கிய அமெரிக்காவின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் ஊதிய உயர்வும் குறுகிய வேலைவாரமும் கோரிப் பணிநிறுத்தம் செய்தனர். ஜனாதிபதி றேகன் 11,000 க்கு மேற்பட்டோரைப் பணிநீக்கினார். படைத்துறைக் கட்டுப்பாட்டாளர்கள் அவர்களிடத்தில் அமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு ஒக்ரோபரில் அவர்களது சங்கம் அங்கீகாரத்தை இழந்தது. இச்செயலைப் புரிந்தது தனியார் கம்பனியன்று, அரசே. அரசுடைமை என்பதே தொழிலாளரின் காப்பரண் எனக் கொள்வோர் இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

அதன் பின்னர் உடைமை மாற்றங்கள் நிகழ்ந்தன. 1987 இல் நியூசிலாந்து இச்சேவையை அரசுக்கு உரிய வணிகக் கூட்டுத்தாபனமாக்கியது. 1996 இல் கனடா, பங்கு மூலதனமற்ற, இலாபத்தைப் பங்கிடாத தனியார் நிறுவனமொன்றுக்கு அதனை 150 கோடி கனேடிய டொலருக்கு விற்றது. அந்நிறுவனத்தின் 15 பேர் கொண்ட பணிப்பாளர் சபையில் விமானக் கம்பனிகள் நால்வரையும், அரசு மூவரையும், தொழிற்சங்கங்கள் இருவரையும், சிறு விமான உரிமையாளர் ஒருவரையும் நியமிக்கும் வகையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஏனையோர் சபையாலேயே தெரிவு செய்யப்படுவர். தனியார்மயத்தை வேண்டுவோர் இன்றும் முதலில் எடுத்துக்காட்டும் மாதிரி இதுவே. விமானக் கம்பனிகளுக்கு நான்கு ஆசனங்கள் உள்ள அச்சபையிலே பயணிக்கென்றோ தொலைவிலுள்ள சிறுநகர்களுக்கென்றோ ஓர் ஆசனமும் ஒதுக்கப்படவில்லை என்பதை நாம் சேர்த்துக் கூறவேண்டும்.

பிரித்தானியாவின் கதை மேலும் தெளிவானது. எதிர்க்கட்சியாக இருந்தபோது விற்பனையை எதிர்த்த தொழிற்கட்சி, ஆட்சிக்கு வந்தபின் 2001 இல் தானே அதனை நிறைவேற்றியது. ஏழு விமானக் கம்பனிகளின் கூட்டுக்கு 46 வீதமும், ஊழியருக்கு 5 வீதமும் கொடுக்கப்பட, 49 வீதம் அரசிடம் எஞ்சியது. வாங்குவதற்கான பணத்தின் பெரும்பகுதி கடனாக அந்நிறுவனத்தின் மீதே சுமத்தப்பட்டது. சில வாரங்களுக்குள் செப்டெம்பர் 11 தாக்குதல்கள் நிகழ, அத்திலாந்திக் கடப்புப் போக்குவரத்துச் சுருங்கியது, கட்டண வருமானம் வீழ்ந்தது, நிறுவனம் தள்ளாடியது. 2003 இல் அரசு 6.5 கோடி பவுணும், விமான நிலையக் கம்பனியொன்று அதேயளவு பணமும் இட்டு அதனைத் தூக்கி நிறுத்தின. இலாபம் தனியாருக்கு, நட்டம் பொதுமக்களுக்கு என்ற நியதி இரண்டே ஆண்டுகளில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஜேர்மனியில் நிகழ்ந்தது வேறு. 2002 ஜூலை 1 இரவு, ஜேர்மனியின் தென்னெல்லையில் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரு விமானங்கள் மோதி, சிறுவர் பலர் உட்பட 71 பேர் மாண்டனர். அப்பகுதியின் வான்பரப்பை நிர்வகித்தது, சுவிற்சர்லாந்து அரசைப் பெரும்பங்காளராகக் கொண்ட கம்பனியாகும். அவ்வேளை பணியறையில் ஒருவர் மட்டுமே இரு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார்; பராமரிப்பு வேலை காரணமாகக் கருவிகளும் தொலைபேசி இணைப்பும் முழுமையாக இயங்கவில்லை. ஓர் அரசின் இறைமைக்குரிய பணியை இன்னொரு நாட்டுக் கம்பனி ஆற்றும்போது பொறுப்பு யாருடையது என்ற சட்டப் பிரச்சினை இதனால் எழுந்தது. 2006 இல் ஜேர்மன் பாராளுமன்றம் தன் நாட்டுச் சேவையின் பெரும்பங்கை விற்க ஒப்புதல் அளித்தபோது, அது அரசியலமைப்புக்கு முரணானதெனக் கூறி ஜனாதிபதி ஹோஸ்ற் கோலர் கையொப்பமிட மறுத்தார். ஐக்கிய அமெரிக்காவிலும் 2017 இல் ஜனாதிபதி ட்ரம்ப் ஆதரித்த தனியார்மயத் திட்டம், போதிய ஆதரவின்றி 2018 இல் கைவிடப்பட்டது. இந்தியாவில் 2006 இல் டில்லி, மும்பாய் விமான நிலையங்கள் தனியாரிடம் கையளிக்கப்பட்டபோதும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு அரச அதிகாரசபையிடமே விடப்பட்டது. கடைகளும் நிலமும் வாகனத் தரிப்பிடமும் மூலதனத்துக்கு. பொறுப்பும் அபாயமும் அரசுக்கு என்ற பங்கீடும் தனியார்மயத்தின் ஒரு வகையே.

3. இரு தரப்பு வாதங்கள்

தனியார்மயத்தை ஆதரிப்போரின் வாதங்கள் மூன்றாகத் தொகுக்கத்தக்கவை. முதலாவது, விதிகளை ஆக்குபவரும் சேவையை வழங்குபவரும் ஒருவராக இருத்தலாகாது என்பது. இரண்டாவது, ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை எதிர்பார்த்திருக்கும் திணைக்களத்தால் நீண்டகாலக் கருவி முதலீட்டைத் திட்டமிட இயலாது என்பது. மூன்றாவது, பயன்படுத்துவோரே செலவைச் செலுத்தவேண்டும் என்பது.

இவற்றை முற்றாகப் புறந்தள்ளுதல் ஆய்வு நேர்மையாகாது. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. ஆயின் அவ்விரண்டையும் நிறைவேற்ற உடைமையை விற்கவேண்டிய அவசியமில்லை. ஒழுங்குவிதிப் பணியை வேறோர் அரச நிறுவனத்திடம் பிரித்துக் கொடுத்தலும், கட்டண வருமானத்தை இத்துறைக்கே ஒதுக்கிவைத்தலும் போதும். மூன்றாவது வாதமே முக்கியமானது. பயன்படுத்துவோர் எனப்படுவோர் யார்? விமானக் கம்பனிகள் மாத்திரமா? தலைக்கு மேலே பறப்பது விழாதிருத்தல் கீழே வாழ்வோருக்கும் பயனல்லவா? மேலும், போக்குவரத்துக் குறையும் காலத்திலே வருமானம் குறைகின்றது. நிலையான செலவு குறைவதில்லை. 2020 இல் கொள்ளைநோயால் விமானங்கள் தரையில் நின்றபோது, கனடாவின் அந்நிறுவனம் தன் கட்டணத்தை ஏறத்தாழ 30 வீதத்தால் உயர்த்தியது, ஊழியரையும் குறைத்தது. நெருக்கடி காலத்தில் விலை உயர்த்துவதும் ஆட்குறைப்பதும் தனியொரு நிர்வாகியின் கொடுமையன்று. அவ்வமைப்பின் உள்ளியல்பே அது.

4. இலங்கை

இலங்கையில் இச்சேவையை ஆற்றுவது 1983 முதல் இயங்கும், முழுவதும் அரசுக்கே உரிய விமான நிலைய, விமான சேவைகள் கம்பனியாகும். ஒழுங்குவிதிப் பணி, 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் உள்ளது. எனவே ஆதரவாளரின் முதலாவது வாதம் கோரும் பிரிப்பு இங்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. கொழும்பு வான்தகவற் பிராந்தியம் தீவின் எல்லையோடு நின்றுவிடுவதன்று. தெற்கிலும் கிழக்கிலும் இந்துசமுத்திரத்தின் மேல் நெடுந்தூரம் பரந்து, சென்னை, மாலைதீவு, மெல்பேண் ஆகியவற்றின் பிராந்தியங்களைத் தொடுகின்றது. இங்கு இறங்காமலே கடந்து செல்லும் விமானங்களும் கட்டணம் செலுத்துகின்றன. அது அந்நியச் செலாவணியாக வருகின்றது. கடனில் மூழ்கிய நாடொன்றுக்கு அதன் பெறுமதியை விளக்கவேண்டியதில்லை.

விமானத் துறையில் தனியாரோடு கூட்டுச் சேர்ந்த அனுபவமும் இந்நாட்டுக்கு உண்டு. 1979 இல் தொடங்கிய எயர் லங்காவின் பங்குகளில் ஒரு பகுதியும் அதன் நிர்வாகமும் 1998 இல் எமிரேற்ஸ் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டன. பத்தாண்டு ஒப்பந்தம் 2008 இல் முடிவுற்றது. 2010 இல் அரசு பங்குகளைத் திரும்ப வாங்கியது. தனியார் நிர்வாகமும் பின்வந்த அரச நிர்வாகமும் தத்தம் எசமானருக்கே பதில் கூறின. மக்களுக்குக் கணக்குக் கொடுக்கும் ஏற்பாடு இரண்டிலும் இருக்கவில்லை. பின்னாளில் நட்டம் மட்டும் பொதுக்கடனாயிற்று.

2022 ஏப்ரிலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் ஏறத்தாழ 300 கோடி டொலர்த் திட்டம் ஆரம்பமாயிற்று. அவ்வாண்டில் விற்பனைக்கெனப் பெயர் குறிக்கப்பட்ட அரச நிறுவனங்களுள் விமானக் கம்பனியும் அடங்கியிருந்தது. வான்வழிச் சேவையை ஆற்றும் கம்பனி அடங்கவில்லை. 2024 ஏப்ரிலில் மத்தள விமான நிலையத்தின் நிர்வாகத்தை இந்திய, ரஷ்யக் கம்பனிகளின் கூட்டுக்கு 30 ஆண்டுக்கு அளிக்க அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அது நடைமுறைக்கு வரவில்லை. இதனால் ஆபத்து நீங்கிவிட்டது எனக் கூறுதற்கில்லை. நட்டப்படும் விமானக் கம்பனியை வாங்க முன்வருவோர் அரிது; வருமானம் தரும் ஏகபோகத்தை வாங்கப் பலர் வருவர். மேலும் தனியார்மயம் எப்போதும் பத்திரத்தில் கையொப்பமிட்டு வருவதில்லை. நெருக்கடியின் பின் பயிற்சி பெற்ற கட்டுப்பாட்டாளர் பலர் உயர்ந்த ஊதியம் நாடி வெளிநாடு சென்றனர். பொதுப்பணத்தில் பயின்ற திறமையை வேறு நாட்டு மூலதனம் விலையின்றிப் பெறுகின்றது. எஞ்சியோரின் வேலைப்பளு கூடக்கூடச் சேவை தளர்கின்றது. தளர்ந்த சேவையைக் காட்டி விற்பனைக்கு நியாயம் கற்பிக்கப்படும். இதுவே பல நாடுகளில் நாம் கண்ட ஒழுங்கு.

5. வன்னியின் வானம்

இதுவரை கூறியவற்றிலிருந்து, அரசுடைமையைக் காப்பாற்றுக என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம். கொழும்பிலோ லண்டனிலோ எழுதும் முற்போக்காளர் அவ்வாறே வருவர். வன்னியிலிருந்து நோக்குமிடத்து அம்முடிவு அத்துணை எளிதன்று.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் மக்கள் பயணஞ்செய்யும் விமான சேவை இல்லை. வவுனியாவிலும் இரணைமடுவிலும் முல்லைத்தீவிலும் உள்ளவை விமானப்படைத் தளங்கள். இரணைமடு ஓடுபாதை விடுதலைப் புலிகளால் அமைக்கப்பட்டது. 2009 ஜனவரியில் இராணுவத்தின் கைக்கு மாறியது. இரு காலத்திலும் அது படைக்குரியதாகவே இருந்தது; பொதுமகன் எவனும் அங்கிருந்து பயணச்சீட்டோடு புறப்பட்டதில்லை. யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. கொழும்புக்கும் அதற்குமிடையே பறப்போருக்கு வன்னி கீழே தெரியும் பச்சை நிலமும் குளங்களுமாகும்.

கீழே இருந்தோருக்கு வானம் என்னவாக இருந்தது? 1998 செப்டெம்பர் 29 இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட தனியார் கம்பனி விமானமொன்று, 55 பேருடன் இரணைதீவுக் கடற்பகுதியில் வீழ்ந்தது. அது விடுதலைப் புலிகளால் சுட்டு வீழ்த்தப்பட்டது. மாண்ட பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர். 2006 ஆகஸ்ட் 14 இல் முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் விமானப்படையின் குண்டுகளால் மாணவியர் மாண்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஆயுதம் ஏந்தியோர் வெவ்வேறானவர். மாண்டோர் ஒரே மக்கள். வானத்தின் இறைமை என்ற சட்டச்சொல் வன்னி மக்களுக்குப் பதுங்குகுழியின் வாயிலிருந்து அண்ணாந்து பார்த்த அனுபவமாகும். அவர்களிடம் சென்று, வானம் அரசுடையதாக இருக்கும்வரை அது உங்களுடையது என்று கூறுவது வெற்றுரையாகவே முடியும்.

நிலத்தின் கதையும் இதனோடு பிரிக்கமுடியாதது. முல்லைத்தீவு கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள், விமானப்படையினர் வைத்திருந்த தம் காணிகளைக் கோரி 2017 ஜனவரி இறுதியிலிருந்து முகாமின் முன்னே இரவும் பகலும் அமர்ந்தனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் அக்காணிகள் விடுவிக்கப்பட்டன. அம்மக்கள் கேட்டது தனியுடைமையோ அரசுடைமையோ என்ற தத்துவத்தையன்று. தம் கிணற்றையும் தென்னையையும் கேட்டனர். பொது நோக்கம் என்ற பெயரில் எடுக்கப்பட்ட ஒன்றை, அப்பொதுவின் உறுப்பினரான மக்களே திரும்பப் பெற்ற நிகழ்ச்சி அது. அரசுடைமைக்கும் சமூகவுடைமைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எமது பல்கலைக்கழக விரிவுரைகளைவிட அது தெளிவாக விளக்கியது.

6. முடிவுரை

அவ்வாறாயின் வன்னி மக்கள் தனியார்மயத்தை ஆதரிக்கவேண்டுமா? வேண்டியதில்லை. படைத்துறை அரசின் கையில் மக்களுக்குக் குரல் இல்லாதிருந்தது உண்மை. கம்பனியின் கையில் அக்குரல் விலைச்சீட்டாக மாறும். விலை கொடுக்க இயலாதவனுக்கு அதுவும் இல்லை. வருமானம் தரும் நெடுவழிகளைக் கவனிக்கும் நிறுவனம், நாளைக்கு இரண்டொரு விமானம் மட்டுமே வரும் பலாலி போன்ற கோபுரங்களைச் செலவாகவே கணக்கிடும். எதிர்காலத்தில் வவுனியாவில் மக்களுக்கென ஒரு சேவை வேண்டுமெனக் கோரினால், அக்கோரிக்கையை எழுப்பக்கூடிய மன்றமே இல்லாது போகும். அரசிடம் இழந்ததை அரசியலாற் கேட்கலாம். விற்றதைக் கேட்க வழியில்லை.

எனவே விவாதத்தின் எல்லையை நாம் மாற்றியமைத்தல் வேண்டும். அரசா, தனியாரா என்ற இருமையினுள்ளே நின்று விடை தேடுதல் போதாது. வான்வழிச் சேவை பொதுவுடைமையாக இருத்தல் வேண்டும். அதன் கட்டண வருமானமும் செலவும் பாராளுமன்றத்திலும் மக்கள் முன்னிலையிலும் கணக்கிடப்படல் வேண்டும். கட்டுப்பாட்டாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையும், களைப்பின்றிப் பணியாற்றும் நேரவொழுங்கும் சட்டத்தால் உறுதிசெய்யப்படல் வேண்டும். சிவில் வான்பரப்பின் நிர்வாகம் படைத்துறையின் நிழலிலிருந்து விலகல் வேண்டும். விமானம் ஏறாத மாவட்டங்களின் பிரதிநிதிகளுக்கும் அதன் சபையில் இடம் இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்றேனும் வெறுங்கனவன்று. சிறுபோகக் கூட்டத்திலே கடைவாய்க்கால் விவசாயி எழுந்து, என் வயலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதைப் போன்றதே இது. நீருக்கு அவ்வினாவை எழுப்பப் பழகிய மக்கள் வானுக்கும் அதனை எழுப்புதல் இயல்பே.